கரிசல், தேரி, வெண்மணல்: செடி மூடிய நிலத்தின் ஆல்பெடோவையும் சூட்டையும் அளப்பது எப்படி?

சித்திரை மாத நண்பகலில் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் தரிசில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணலிலும் முடியாது. கரிசல் விழுகிற வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. தேரி அதைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டிலும் கால் பொத்துப்போகிறது. இடையில் ஒரு முந்திரித் தோப்போ வேலிக்கருவைப் புதரோ வந்தால், அது மணலைவிடக் கறுப்பாகத் தெரிந்தாலும் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்.

நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உடைகிறது. ஆகவே வறண்ட நிலத்தில் செடியின் விளைவைத் தெரிந்துகொள்ள ஆல்பெடோ (தரை திருப்பி அனுப்பும் வெயிலின் பங்கு), தரைச் சூடு இரண்டையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நிலங்களில் அளக்க வேண்டும். ஒன்றை அளந்து மற்றதை ஊகித்தால் பிழைதான் மிஞ்சும். தென் தமிழ்நாட்டின் மூன்று மண்ணை எடுத்துக்கொண்டு அதைச் செய்யும் முறை இங்கே: கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்; சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி பக்கத்துத் தேரிச் செம்மணல்; கடலோர வெளிர்மணல்.

கணக்கு எங்கே புரள்கிறது

விழும் வெயிலில் எத்தனை பங்கைத் தரை திருப்பி அனுப்புகிறது என்பதே ஆல்பெடோ. 0.20 என்றால் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. காய்ந்த கரிசல் 0.10-ஐ ஒட்டி வரும். காய்ந்த வெளிர்மணல் 0.35 முதல் 0.45 வரை போகும். பச்சைப் பயிர் 0.18 முதல் 0.25 வரை, மர நிழலும் இலை இடுக்குகளும் ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தோப்பும் புதர்க்காடும் அதற்குக் கீழே.

அதாவது இலையின் ஆல்பெடோ ஏறத்தாழ 0.20-இல் நிற்கிறது. அதைவிடக் கறுத்த மண்ணில் செடி வந்தால் நிலம் வெளுக்கும். அதைவிட வெளுத்த மண்ணில் வந்தால் கறுக்கும். கரிசலில் உளுந்து தழைத்தால் ஆல்பெடோ ஏறுகிறது. கடலோர மணலில் சவுக்கு வளர்ந்தால் இறங்குகிறது. தேரிச் செம்மணல் நடுவில் கிடக்கிறது. அங்கே மாற்றம் எந்தப் பக்கம் போகும் என்பது அந்த இடத்து மணலின் நிறத்தையும் செடியின் அடர்த்தியையும் பொறுத்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது, செம்மண் அந்தப் பகுதியில் நன்றாகவே எதிரொளிக்கும்.

இனி சூடு. நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு 950 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆல்பெடோ 0.35 உள்ள மணல் 617 வாட் வாங்குகிறது, 0.20 உள்ள தோப்பு 760 வாட் வாங்குகிறது. தோப்புக்கு 140 வாட்டுக்கு மேல் கூடுதல் வரவு. ஆனால் செலவையும் பாருங்கள். 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் மணல் தன் சூட்டையே நெடுஅலைக் கதிராக 700 வாட் அளவில் வெளியே கொட்டுகிறது. 40 டிகிரியில் இருக்கும் இலைப்பரப்பு 545 வாட்தான் கொட்டுகிறது. வரவும் கூடுதல், கதிராகப் போகும் செலவும் குறைவு. அப்படியும் தோப்பு குளிர்ந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, வேர் இழுத்த நீர் இலை வழியே ஆவியாகிறது: ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் சதுர மீட்டருக்கு 2.45 மெகாஜூல், அதாவது 24 மணி நேரச் சராசரியில் 28 வாட் செலவு. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேடுபள்ளமான இலைக்கூரை காற்றைக் கலக்கிவிட்டுச் சூட்டை மேலே தூக்கி எறிகிறது. வழுவழுப்பான வெறுமணலால் அப்படிச் செய்ய முடியாது.

இந்த இரண்டாவது காரணத்துக்குச் சிறந்த சாட்சி இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள யாதிர் காடு. ஆண்டுக்கு 280 மில்லிமீட்டர் அளவே மழை. 1960-களில் இருந்து நட்டு வளர்த்த அலெப்போ பைன் மரங்கள். ரோட்டன்பெர்க், யாகிர் இருவரும் 2010-இல் வெளியிட்ட அளவீடுகளில் காட்டின் ஆல்பெடோ சுற்றியுள்ள புதர்நிலத்தைவிட 0.1 அளவு குறைவு; ஆனாலும் காட்டின் மேற்பரப்பு சராசரியாக 5 டிகிரி குளிர்ந்திருந்தது. கோடையில் ஆவியாக அங்கே நீர் மிகக் குறைவு. சூட்டைத் தூக்கி எறிந்தது பெரும்பாலும் காற்றுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காட்டின் மேற்பரப்பு குளிர்ந்தது என்றால் அந்த ஆற்றல் மறைந்துவிடவில்லை, காற்றுக்குப் போயிற்று. ‘மரம் வைத்தால் ஊர் குளிரும்’ என்று அறிக்கை எழுதுபவர்கள் எதன் சூட்டைச் சொல்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது: இலையின் சூடா, நிழலில் தொங்கும் வெப்பமானி காட்டும் காற்றின் சூடா?

வெளுத்த நிலம் குளிருமா என்ற வாதம் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 1974-இல் ஆட்டர்மன் என்ற ஆய்வாளர் சினாய்–நெகேவ் எல்லையின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, மேய்ச்சலில் மொட்டையான சினாய்ப் பக்கம் வெளுத்துக் கிடக்கிறது, அதனால் குளிர்ந்திருக்கும் என்றார். அடுத்த ஆண்டே ஜாக்சனும் இட்சோவும் அரிசோனா அளவீடுகளைக் கொண்டு மறுத்தார்கள்: செடி போன வெறும் நிலம் வெளுத்தாலும் சூடேறுகிறது. 1988-இல் பாலிங் அமெரிக்க–மெக்சிகோ எல்லையிலும் அதையே கண்டார். மேய்ச்சல் மிகுந்த மெக்சிகோப் பக்கம் ஆல்பெடோ கூடுதல், சூடும் கூடுதல். 1975-இல், சகாராவின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியின் வறட்சிக்கு சார்னி எழுதிய விளக்கம் வேறு தளத்தைச் சேர்ந்தது. வெளுத்த நிலத்தின் மேலே உள்ள வளிமண்டலம் மொத்தத்தில் ஆற்றலை இழந்து, காற்று கீழிறங்கி, மழை குறையும் என்பது அவர் வாதம். தரையின் நண்பகல் சூட்டை வைத்து அதை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.

நிலம் தேர்வு

எல்லாப் பிழைகளும் பிறக்கும் இடம் இது. கடலோர மணலையும் கோவில்பட்டிக் கரிசலையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். நண்பகலுக்குள் கடற்காற்று ஏறிவிட்டால் நீங்கள் அளப்பது காற்றைத்தான். ஒவ்வொரு மண்ணிலும் அடுத்தடுத்துள்ள இணை நிலங்களை எடுங்கள்: கரிசலில் ஒரு தரிசு, ஒரு நிற்கும் பயிர், ஒரு வேலிக்கருவைப் புதர், தேரியில் ஒரு மொட்டை மணல்மேடு, ஒரு முந்திரித் தோப்பு, உடைமரமும் பனையும் கலந்த ஒரு பகுதி. இணைகளுக்கு இடையே தூரம் ஒரு கிலோமீட்டருக்குள், உயர வேறுபாடு 20 மீட்டருக்குள் இருக்கட்டும். கிணற்றுப் பாசன வாழை, செங்கல் சூளை, தார்ச் சாலை பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கைக்கருவிக்கு ஒவ்வொரு நிலமும் குறைந்தது 40 மீட்டருக்கு 40 மீட்டர் ஒரே சீராக இருந்தால் போதும். செயற்கைக்கோள் அளவீட்டோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் 300 மீட்டருக்கு 300 மீட்டர் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

பருவம் இரண்டு. கரிசலில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிப் பயிர் தை மாதத்தில் இன்னும் பச்சையாக நிற்கும், மேகமும் விலகியிருக்கும். அது ஒரு முறை. சித்திரையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது இன்னொரு முறை. சித்திரையில் அந்தப் பகுதியில் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் ஆழ வேரோடும் வேலிக்கருவைதான். மழை பெய்து ஐந்து நாள் ஆகாமல் போகாதீர்கள். நனைந்த மண்ணின் ஆல்பெடோ காய்ந்ததில் பாதிக்கும் கீழே போகலாம். மேல் ஒரு சென்டிமீட்டர் காய்ந்ததும் திரும்பி ஏறும். கரிசலில் மேல் மண் காய்ந்தது போலத் தெரிந்து வெடிப்புக்குள் ஈரம் இருக்கும். அது ஆல்பெடோவைக் கெடுக்காது, ஆனால் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

கருவிகள்

ஆல்பெடோவுக்குத் தெர்மோபைல் வகைப் பைரனோமீட்டர் (வெயிலின் கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் சேர்த்து அளக்கும் கருவி) ஒன்று போதும். மேலும் கீழும் திருப்பி அளக்கலாம். இரண்டு இருந்தால் முதுகோடு முதுகாகக் கட்டிவிடலாம், ஆனால் இரண்டையும் முதலில் வானத்தை நோக்கி வைத்து ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒன்றை மட்டும் வைத்துத் திருப்புவதே மேல்.

விலை குறைவு என்று சிலிக்கன் சென்சார் வாங்குவது வழக்கம். வானத்தைப் பார்த்து அளக்க அது சரி. தலைகீழாகத் திருப்பிச் செடியின் மேல் பிடித்தால் பிழை: அது 400 முதல் 1100 நானோமீட்டர் வரைதான் பார்க்கும், அதிலும் 900-ஐ ஒட்டிய பகுதியில் மிகக் கூர்மையாக. இலை திருப்பி அனுப்பும் ஒளி குவிவதும் அங்கேதான். ஆகவே செடியின் ஆல்பெடோவைக் கணிசமாகக் கூட்டிக் காட்டும். லக்ஸ் மீட்டர், செல்பேசிச் செயலி இரண்டும் இதற்கு நேர் எதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பார்ப்பதால் பச்சை வயலை 0.05, 0.08 என்று தார்ச் சாலை போலக் காட்டும்.

சூட்டுக்கு 8–14 மைக்ரான் பட்டையில் இயங்கும் தொழிற்சாலை வகை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், தூரமும் புள்ளி அளவும் 12-க்கு 1 விகிதம் உள்ளது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய காய்ச்சல் துப்பாக்கி இதற்கு உதவாது. 43 டிகிரி வாக்கிலேயே நின்றுவிடும். உமிழ்திறன் (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடுகிறது என்பது) எண்ணை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவற்றோடு ரசமட்டம், 30 மீட்டர் டேப், நிழலில் தொங்கவிடக் காற்று வெப்பமானி, ஒரு துண்டு அலுமினியத் தாள், முக்காலியில் இருந்து ஒன்றரை மீட்டர் நீளும் கை.

ஆல்பெடோ அளப்பது

கருவியின் உயரம் எவ்வளவு நிலத்தைப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிக்கும். உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்தில் இருந்து 90 சதவீத ஒளி வருகிறது. 99 சதவீதம் வேண்டுமானால் பத்து மடங்கு. ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தால் சுற்றிலும் நான்கரை மீட்டர் ஒரே சீராக இருப்பது கட்டாயம், பதினைந்து மீட்டர் வரை இருந்தால் நிம்மதி. ஏஎஸ்டிஎம் ஈ1918 என்ற தர முறை அரை மீட்டர் உயரத்தையும் நான்கு மீட்டர் வட்டத்தையும் கேட்கிறது. வெறும் மணலுக்கு அது பொருந்தும். பருத்திச் செடிக்கு இலையின் உச்சியில் இருந்து ஒன்றரை மீட்டர் மேலே வையுங்கள், தரையில் இருந்து அல்ல. முந்திரி, வேலிக்கருவை போன்ற மரங்களுக்கு உச்சிக்கு மேலே போகும் கம்பம் வேண்டும். அது இல்லையென்றால் கையால் அளக்க முயலாமல் செயற்கைக்கோளை நம்புங்கள். மரத்தடியில் நின்று மேலும் கீழும் அளந்தால் வருவது மரத்தடிச் சருகின் ஆல்பெடோ. தோப்பின் ஆல்பெடோ ஆகாது.

நேரம் முற்பகல் 10 முதல் பிற்பகல் 2:30 வரை. சூரியன் தாழ்ந்தால் ஆல்பெடோ தானாக ஏறும், வழுவழுப்பான மணலில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. மாதத்தைப் பொறுத்து 12:02 முதல் 12:32 வரை. எட்டரை, ஒன்பது பாகை அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அந்த வாரங்களில் உச்சிப்பொழுதில் கருவியின் நிழலும் கையின் நிழலும் நேர் கீழே, கருவி மிகக் கூர்ந்து பார்க்கும் புள்ளியிலேயே விழும். 11 மணிக்கு முன்போ ஒன்றரைக்குப் பின்போ அளந்துவிடுங்கள்.

செய்முறை எளிது. முக்காலியைச் சூரியன் இருக்கும் திசைக்கு எதிர்ப்புறம் வைத்துக் கையைச் சூரியன் பக்கம் நீட்டுங்கள், அப்போது முக்காலியின் நிழல் வட்டத்துக்கு வெளியே போகும். ரசமட்டம் பார்த்து மேல் நோக்கி வையுங்கள். 30 விநாடி காத்திருந்து எண்ணைக் குறியுங்கள். கீழே திருப்பி மீண்டும் 30 விநாடி. மறுபடி மேலே. இரண்டு மேல் எண்களுக்கும் இடையே 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் மெல்லிய மேகம் கடந்திருக்கிறது, அந்தத் தொகுதியைத் தள்ளிவிடுங்கள். உதாரணமாக 912, 287, 918 வந்தால் மேல் சராசரி 915. 287-ஐ அதால் வகுத்தால் 0.31. ஒரு நிலத்தில் ஐந்து இடங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை.

அளக்கும்போது மூன்று மீட்டருக்கு அப்பால் தள்ளி நில்லுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம். கரிசலில் அது எண்ணை உயர்த்தும். தேரியில் கண்ணாடிக் குமிழ் மேல் மெல்லிய செந்தூசு படியும், ஒவ்வொரு நிலத்திலும் மெல்லிய துணியால் துடையுங்கள். நடந்து கலைத்த மணலையும் தவிர்க்க வேண்டும். காற்று வரிவரியாகப் படியவிட்ட மேற்பரப்பும் கால் தடமும் ஒரே ஆல்பெடோ கொண்டவை அல்ல.

சூடு அளப்பது

தெர்மாமீட்டரை ஏசி வண்டியில் இருந்து இறக்கியதும் பயன்படுத்தாதீர்கள். நிழலில் அரை மணி நேரம் கிடக்கட்டும். வெயிலில் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தாலும் அதன் உடல் சூடேறி எண் நகரும், அளவீட்டுக்கு இடையில் பைக்குள் போட்டுவிடுங்கள்.

உமிழ்திறன் இலைக்கு 0.98, கரிசலுக்கு 0.96 அளவு, குவார்ட்ஸ் மிகுந்த மணலுக்கு 0.92–0.94. கருவி 0.95-இல் பூட்டிக் கிடந்தால் 60 டிகிரி மணலை ஏறத்தாழ ஒன்றிரண்டு டிகிரி குறைத்துக் காட்டக்கூடும். இலையைச் சற்றே கூட்டிக் காட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கருவி சுருக்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணை மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள். வானத்தில் இருந்து வரும் கதிரின் பங்கைக் கழிக்க அலுமினியத் தாளைக் கசக்கி விரித்துத் தரையில் வைத்து, உமிழ்திறனை 1 என வைத்து அளந்தால் வானத்தின் சூடு கிடைக்கும். இது நுணுக்கமான வேலைக்கு; இணை நிலங்களை ஒப்பிட மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

செடி நிலத்தை ஒரே எண்ணாக அளக்கக் கூடாது. நான்கு பொருள் உண்டு: வெயில் பட்ட இலை, நிழல் இலை, வெயில் பட்ட தரை, நிழல் தரை. ஒவ்வொன்றிலும் பத்து அளவீடு, உங்கள் நிழல் விழாத பக்கம் நின்று, 45 பாகை சாய்வில், ஒரு மீட்டர் தூரத்தில். இலைக் கூட்டத்தில் இடுக்கு வழியே தரை தெரிந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். 58 டிகிரித் தரை சிறிது எட்டிப் பார்த்தாலும் இலையின் சூடு கெட்டுவிடும்.

பிறகு எது எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். டேப்பை நிலத்தின் குறுக்கே இழுத்து, ஒவ்வொரு அரை மீட்டரிலும் மேலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். 30 மீட்டரில் 60 புள்ளி. இப்படி மூன்று கோடு. இலை 40 சதவீதம் 34 டிகிரியில், வெயில் தரை 45 சதவீதம் 58 டிகிரியில், நிழல் தரை 15 சதவீதம் 40 டிகிரியில் இருந்தால் நேர்ச் சராசரி 45.7 டிகிரி. கெல்வினாக மாற்றி நான்காம் அடுக்கில் சராசரி எடுத்தால் 46.3. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளின் எண்ணுக்கு இரண்டாவதுதான் நெருக்கமாக வரும்.

எல்லா நிலங்களையும் அரை மணி நேரத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் முதல் நிலத்துக்குத் திரும்பி வந்து மறுபடி அளந்து, இடையில் எவ்வளவு நகர்ந்தது என்று கழியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மீட்டர் உயரத்து நிழல் காற்றின் சூட்டைக் குறித்து, ‘தரைச் சூடு கழித்தல் காற்றுச் சூடு’ என்ற எண்ணை எழுதுங்கள். வெவ்வேறு நாட்களை ஒப்பிட அதுதான் கை கொடுக்கும்.

செயற்கைக்கோளில் இருந்து எடுப்பது

அமெரிக்கச் செயற்கைக்கோள்களான லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை கடக்கின்றன. தூத்துக்குடிப் பகுதிக்குப் பாதை 143, வரிசை 54. கடக்கும் நேரம் காலை பத்தரை மணி வாக்கில், அதாவது மணல் இன்னும் உச்சச் சூட்டை எட்டாத நேரம். கையால் அளந்ததோடு ஒப்பிட வேண்டுமானால் நீங்களும் பத்தரைக்கு நிலத்தில் இருக்க வேண்டும். ஒரு மணிக்கு அளந்துவிட்டுச் ‘செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுகிறது’ என்று சொல்வது நியாயமில்லை.

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் எர்த்எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, கலெக்‌ஷன் 2 லெவல் 2 கோப்புகளை இறக்குங்கள். மேகம் 10 சதவீதத்துக்குக் கீழ் என்று வடிகட்டலாம். ஆனால் அது படம் முழுவதற்குமான எண், உங்கள் நிலத்தின் மேலேயே ஒரு துணுக்கு மேகம் நிற்கலாம். தரக் குறியீட்டுப் பட்டையைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

க்யூஜிஐஎஸ் மென்பொருளின் ராஸ்டர் கால்குலேட்டரில் மூன்று கணக்கு. பட்டைகளின் (ஒவ்வொன்றும் ஒரு அலைநீள வரம்பின் படம்) எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தால் எதிரொளிப்பு கிடைக்கும். பூஜ்ஜியம் உள்ள பிக்சல்கள் வெற்று, அவற்றை முதலிலேயே நீக்குங்கள். இல்லாவிட்டால் அவை -0.2 ஆகிச் சராசரியைக் கெடுக்கும். பிறகு 2001-இல் லியாங் தந்த சூத்திரம்:

ஆல்பெடோ = 0.356 × பட்டை 2 + 0.130 × பட்டை 4 + 0.373 × பட்டை 5 + 0.085 × பட்டை 6 + 0.072 × பட்டை 7 − 0.0018

இது முந்தைய லேண்ட்சாட்களுக்காக எழுதப்பட்டது, இணையான பட்டைகளை வைத்து இங்கே பயன்படுத்துகிறோம். நிலத்துக்கு நிலம் வேறுபாடு பார்க்கப் போதும்; மூன்றாம் தசம இடத்தை நம்பாதீர்கள். ஆழ்கடல் பிக்சல் 0.06-க்குக் கீழே வருகிறதா என்று சரிபாருங்கள். 0.2-ஐக் கழிக்க மறந்திருந்தால் இங்கேயே பிடிபடும்.

தாவர அளவுக்கு என்டிவிஐ: பட்டை 5 கழித்தல் பட்டை 4, வகுத்தல் இரண்டின் கூட்டுத்தொகை. சூட்டுக்கு மேற்பரப்பு வெப்பநிலைக் கோப்பை 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டுங்கள்; வருவது கெல்வின், 273.15 கழித்தால் செல்சியஸ். கோப்பில் 50,000 என்று இருந்தால் 46.8 டிகிரி.

வெப்பப் பட்டை உண்மையில் 100 மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கப்பட்டு 30 மீட்டராக வெட்டித் தரப்படுகிறது. ஆகவே 60 மீட்டர் அகலமுள்ள முந்திரித் தோப்பின் ஆல்பெடோ சரியாக வரும், சூடு பக்கத்து மணலோடு கலந்து வரும். செடியின் குளிர்ச்சியைக் குறைத்து மதிப்பிடும் வேலைகளில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும் காரணம். மேலே 300 மீட்டர் கேட்டது இதற்காகத்தான். அதிலும் ஓரத்துப் பிக்சல்களை விட்டு நடுவை மட்டும் எடுங்கள். இன்னொன்று: அந்தச் சூட்டுக் கோப்பு ஆஸ்டர் என்ற மற்றொரு செயற்கைக்கோள் கருவியின் பழைய தரவில் உள்ள உமிழ்திறனை என்டிவிஐ வைத்துத் திருத்திப் பயன்படுத்துகிறது. புதிதாகக் கரை கட்டி உப்பளமான இடத்திலோ வேலிக்கருவையை வேரோடு அகற்றிய இடத்திலோ ஒன்றிரண்டு டிகிரிப் பிழையை எதிர்பாருங்கள்.

எண்களைப் படிப்பது

ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு வரைபடம்: என்டிவிஐக்கு எதிரே ஆல்பெடோ, என்டிவிஐக்கு எதிரே சூடு. மூன்று மண்ணையும் ஒரே படத்தில் போட்டால் ஆல்பெடோ புள்ளிகள் திட்டுத்திட்டாகச் சிதறி, ‘தொடர்பு இல்லை’ என்ற தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும். தனித்தனியாகப் போட்டால் தைப் படத்தில் கரிசல் கோடு மேலே ஏறும், வெளிர்மணல் கோடு கீழே இறங்கும், தேரி ஏறக்குறையப் படுத்திருக்கலாம். சூட்டுக் கோடுகள் மூன்றும் கீழேதான் இறங்க வேண்டும்.

இறங்காத இடம் உண்டு என்றால் அங்கே போய்ப் பாருங்கள். அறுவடை முடிந்து நிற்கும் பருத்தி மார், இலை உதிர்ந்த புதர், காய்ந்த புல் இவையெல்லாம் என்டிவிஐயில் அரைகுறையாகத் தெரியும். நீர் விடாது, சூடு குறையாது. கரிசலின் மேல் காய்ந்த வெளிர் தட்டை கிடந்தால் ஆல்பெடோ மட்டும் ஏறியிருக்கும், அதனால் சிறிது சூடு குறையும். அது செடியின் உயிர்ச் செயல் அல்ல, வெறும் மூடாக்கின் நிறம். எரித்த தட்டைக்கோ ஆல்பெடோ விழும், சூடு ஏறும்.

வேலிக்கருவை சித்திரையில் குளிர்ச்சியாகத் தெரிவதைக் கண்டு அதற்கு நற்சான்று எழுதிவிட வேண்டாம். அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்கு நிலத்தடி நீர் கொடுத்த விலை. மேலே சொன்ன 28 வாட் கணக்கைத் திருப்பிப் போட்டால் விலை எவ்வளவு என்பதன் மேல்வரம்பு தெரியும். தரிசைவிட அந்தப் புதர் நாள் சராசரியில் 56 வாட் கூடுதலாக ஆவியில் செலவழித்தால் அது தினம் இரண்டு மில்லிமீட்டர், ஹெக்டேருக்கு 20,000 லிட்டர். குளிர்ச்சி முழுவதும் நீரால் வந்ததா, காற்றுக் கலக்கலும் சேர்ந்ததா என்பதை இந்தக் கருவிகள் பிரித்துச் சொல்லாது. யாதிரில் அதற்குக் காட்டின் மேலே கோபுரம் கட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக, முடிந்தால் விடியலுக்கு முன் ஐந்து மணிக்கு ஒரு முறை அதே நிலங்களில் தெர்மாமீட்டரை நீட்டுங்கள். திறந்த வானத்தின் கீழ் காய்ந்த மணல் வேகமாகச் சூட்டை இழந்திருக்கும். மரத்தடித் தரையோ கிளை மறைப்பில் சற்றுச் சூடாகவே இருக்கும். அப்போது ஒளிரும் எண்ணை உடனே ஏட்டில் எழுதிவிடுங்கள், கருவியின் நினைவகத்தை நம்பாதீர்கள். நிலத்தின் பெயர், நேரம், காற்றுச் சூடு, கடைசி மழை நாள், செடியின் நிலை: இந்த ஐந்தும் இல்லாத எண்ணை ஆறு மாதம் கழித்து எடுத்தால் எதோடும் ஒப்பிட முடியாது.